முதல் ஓட்டம்

வண்டி இட்டேரிப் பாதை முக்கில் திரும்பும்போதே நாச்சியம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. எஞ்சின் ஏற்றிய வண்டியென்றால் அந்த மேட்டில் காளைகள் நுரை தள்ளித்தான் ஏறும். இதுவோ கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. பருத்திக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். வண்டியில் வைக்கோலும் கயிறும் மட்டும் கிடந்தன. முன்னால் அவள் புருசன் பாலுசாமி, தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

நேற்று விடியக்காலம், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த எஞ்சினை ஏற்றி வரக் கோயமுத்தூருக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "நாளைக்குப் பொழுதோட தண்ணி பாயும். மடையெல்லாஞ் சரி பண்ணி வெய்யி." அவளும் இரண்டு நாளாக மம்பட்டியோடு நின்று வாய்க்காலில் முளைத்திருந்த கோரையைச் செதுக்கி வைத்திருந்தாள். ஐப்பசி மழை அந்த வருசம் பெயருக்குத் தூறிவிட்டுப் போய்விட்டது. தை முடியப் போகிறது. கம்போடியாப் பருத்தி பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரத்தில், தண்ணீர் காட்டிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கீழ்க்காற்று வேறு வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சூலூருக்குக் கிழக்கே அவர்களுக்குத் தோட்டம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் கிழக்காடு, அந்தப் பக்கம் மேற்காடு. மேற்காட்டில் பாலுசாமிக்குப் பெருமை அதிகம். முதல் விதை எப்போதும் அங்கேதான் விழும், முதல் தண்ணீரும் அங்கேதான் போகும். கிணற்றில் முன்பு, காளை பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இழுக்கும் கவலை இரண்டு வைத்து இறைத்தார்கள். போன வருசம் ஆடியில் அந்த இரண்டு ஜோடிக் காளைகளையும் அவர் அந்தியூர்த் தேர்ச் சந்தைக்கு ஓட்டிப் போனார். காங்கேயத்துக் காளைகள். கவலையில் பின்னுக்கு வரும்போது அதட்டாமலே கால் வைக்கத் தெரிந்தவை. நாச்சியம்மாள் நான்குக்கும் நெற்றியில் மஞ்சள் தடவி, ஆளுக்கொரு கை பருத்திக்கொட்டை ஊட்டி அனுப்பினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் சோறு உண்ணாததை அவர் விரதம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் எஞ்சின் வந்தது. காளைகள் ஏறி இறங்கிய சரிவை மண் போட்டு மூடி, அதன் மேலேயே எஞ்சினுக்குக் கூரை வேய்ந்து சாளை போட்டார். ஊரே வந்து பார்த்தது. இப்போது பழையபடி கவலைக்குத் திரும்ப வழியில்லை. காளையும் இல்லை, கவலையும் இல்லை. ஊரில் மற்றவர்கள் எல்லாரும் அவரவர் கிணற்றில் இறைத்துக்கொண்டிருக்கும்போது யாரிடம் போய்க் காளை கேட்பது? இந்த வண்டிக் காளைகளே அவளுடைய சித்தப்பன் மகன் மருதாசலத்துடையவை. பொழுது சாய்வதற்குள் ஓட்டிப் போய் விட்டாக வேண்டும்.

கம்பஞ்சோற்றைக் கரைத்து, தட்டப்பயிற்றுக் குழம்பை எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எஞ்சின் எங்கீங்க?"

"வரலை."

"வரலைன்னா?"

"ஒர்க்‌ஷாப்புலயே நின்னுபோச்சு, நாச்சி. ரிங்கு மாத்தி எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். அஞ்சு நிமிசம் நல்லாத்தான் ஓடுச்சு. டக்குன்னு நின்னுபோச்சு. உள்ள பிஸ்டன் போயி சிலிண்டரைப் புடிச்சுக்கிச்சு. நாலு பேரு சக்கரத்துல தொங்கிப் பார்த்தோம், அசையலை."

"ரிப்பேருக்குக் குடுத்த எடத்துலயா?"

"அங்கயேதான்."

"அப்ப அவியதானுங்களே செஞ்சு குடுக்கோணும்?"

பாலுசாமி மடியிலிருந்து பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகையை மூக்கில் ஏற்றினார். பேச்சு முட்டும்போதெல்லாம் அவருக்குப் பொடி வேண்டும்.

"மேஸ்திரி அப்பிடிச் சொல்லலை. கற்பூரங் காட்டி உங்க கையில ஒப்படைச்சாச்சு, அதுக்கப்புறம் நின்னதுக்கு நான் என்ன பண்றதுன்னு கேக்கறாரு. அதைப் புது ரிப்பேராத்தான் எடுப்பாராம். பருத்தி மில்லு எஞ்சின் ஒண்ணு, இன்னும் ரண்டு எஞ்சின் வரிசையில நிக்குது. அதெல்லாம் முடிச்சுட்டு நம்முளுதைத் தொடறதுக்குப் பன்னண்டு நாளாகுமாம்."

"பன்னண்டு நாளா! செடி இன்னும் ஆறு நாளுத் தாங்குனா அதிகமுங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? சரிங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எதிரில் இருப்பவர் நம் காலை மிதித்துக்கொண்டு நின்றாலும், "ஏனுங்க, சித்தெ நகந்துக்கறீங்களா" என்று கேட்பதற்குள் கால் வீங்கிவிடும். நாச்சியம்மாள் எழுந்து போய் வெளியே நின்றாள். மேற்காட்டுச் செடிகள் மத்தியான வெயிலில் தொங்கியவை, பொழுது இறங்கியும் தலை நிமிரவில்லை. உள்ளே திரும்பி வந்தாள்.

"நாளைக்கு நானும் வாரனுங்க."

"நீ வந்து என்ன பண்ணுவே?"

"நீங்க சரிங்கன்னு சொல்றப்பப் பக்கத்துல நிக்கறேன்."

காலையில் சூலூரில் பஸ் ஏறினார்கள். பாதி வழியில் பஸ்காரன் நிறுத்தி, முன்மூடியைத் தூக்கி, தகர டின்னிலிருந்து தண்ணீர் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி வந்தது. நாச்சியம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இதுக்கும் தண்ணி வேணுமுங்களா?"

"எஞ்சின்னா தண்ணி வேணும். இல்லீன்னாச் சூடேறிப் புடிச்சுக்குமல்ல?"

"நம்முளுதுக்கு நாம ஊத்துனதே இல்லீங்களே?"

"நம்முளுது தானே எடுத்துக்கும். பம்பு எறைக்கற தண்ணியிலயே ஒரு சின்னக் குழாய் பிரிஞ்சு எஞ்சினுக்குள்ள போயிட்டு, அக்கட்டால வந்து ஊத்தும்."

ஆவி அடங்கும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒர்க்‌ஷாப்புல கெணறு இருக்குதுங்களா?"

பாலுசாமி பொடி மட்டையைத் தேட ஆரம்பித்தார்.

ஒர்க்‌ஷாப் உக்கடம் போகிற சாலையில் இருந்தது. குளத்துக் காற்று உள்ளே நுழைந்தாலும் மண்ணெண்ணெய் வாசம் போகாத ஒரு தகரக் கொட்டகை. பைக்காரா அருவியிலிருந்து கரண்டு வந்து நாலு வருசமாகியிருந்தது, பெரிய மில்களில் எல்லாம் மோட்டார் ஓடியது. ஆனால் காட்டுக்குள் கரண்டு வரவில்லை. ஆகவே அமிர்தராஜ் மேஸ்திரிக்கு எஞ்சின் வேலை குறையவில்லை. ரயில்வேயில் வேலை பழகியவர். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை கறுப்பு ஏறிய கைகள். சுவரில் மரச்சிலுவை ஒன்று தொங்கியது. அதற்குக் கீழே இருந்த மாடத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரப் பொட்டலமும் இருந்தன. அவை வாடிக்கைக்காரர்களுக்கு. எஞ்சினைச் சொந்தக்காரர்தான் தன் கையால் முதல் ஓட்டம் ஓட்ட வேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம்.

அவர்களுடைய எஞ்சின் ஓரமாகச் செத்த எருமை போலக் கிடந்தது. மேஸ்திரி மில் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கவுண்டரே. அம்மாவும் வந்திருக்கறீங்களா? கிருபா, காப்பி போடு."

"காப்பி இருக்கட்டுமுங்க. குடிச்சுட்டுத்தான் வந்தோம்," என்றாள் நாச்சியம்மாள். அவள் குடித்திருக்கவில்லை. "என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒருக்காச் சொல்லுங்க. ரண்டு பேரும் எதுக்கால நின்னு சொல்லுங்க."

மேஸ்திரி துணியில் கையைத் துடைத்தார்.

"சொல்றதுக்கு என்ன இருக்குதுங்க? வேலை முடிஞ்சுது. கவுண்டரைக் கூப்பிட்டு, ஓட்டுங்கன்னு சொன்னேன். அவரு கற்பூரம் பத்த வெச்சாரு. பத்த வெக்கறப்ப நான் அங்க நிக்கறதில்லீங்க. அது உங்க சாமி காரியம். நான் வாசல்ல போயி நின்னுக்குவேன். மரியாதைக்குத்தான். திரும்பி வரும்போது எஞ்சின் ஓடிட்டிருந்துச்சு."

"அந்த டிரம்முல தண்ணி இருந்துச்சுங்களா?" அவள் கையை நீட்டிக் காட்டினாள். எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற மேடைக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு டிரம் இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயில் ஒரு திருகு.

"ரொம்பி இருந்துச்சுங்க."

"திருகு?"

"மூடி இருந்துச்சு. ஒழுகுமுன்னு மூடித்தான் வெப்பேன். ஓட்டறவங்கதான் திறந்துக்கோணும்."

"ஓட்டுனது ஆரு?"

"கவுண்டரு."

"எனக்கு எங்க தெரியும், மேஸ்திரி?" பாலுசாமிக்குக் குரல் ஏறியது. "என்ற தோட்டத்துல திறக்கறதுக்குத் திருகே கெடையாது. நீங்க வாசலுக்குப் போனீங்க, சரி, எல்லாம் தயாரு, அதான் போறாருன்னு நெனைச்சேன்."

"நீங்க சக்கரத்தைச் சுத்துனீங்க, சரி, எல்லாம் பார்த்துட்டுத்தான் சுத்தறாருன்னு நான் நெனைச்சேனுங்க."

"உங்க கடை, உங்க டிரம்மு."

"உங்க எஞ்சின், உங்க கை."

இரண்டு பேருமே இன்னும் 'ங்க' விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு 'ங்க'வும் கல்லாக விழுந்தது. நாச்சியம்மாள் எஞ்சினைச் சுற்றி வந்தாள். குளிர்ந்து கிடந்த இரும்பில் உள்ளங்கையை வைத்தாள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயைத் தொட்டாள். தோட்டத்தில் இந்தக் குழாயிலிருந்து ஊற்றுகிற வெந்நீரில்தான் அவள் துணி துவைப்பாள்.

"இதுல தண்ணி வரலைங்கறது அஞ்சு நிமிசமும் ஒருத்தர் கண்ணுலயும் படலைங்களா?"

மேஸ்திரி கைத்துணியை உதறினார், பாலுசாமி பொடி மட்டையைத் தடவினார்.

"மேஸ்திரி, நீங்க பார்த்தீங்களா?"

அமிர்தராஜ் கீழே பார்த்தார். "பார்த்தேனுங்க."

"அப்புறம்?"

"முதல் ஓட்டமுங்க. கவுண்டரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கும்பிட்டுட்டு நிக்கறாரு. அந்த நேரத்துல நான் குறுக்க கையை நீட்டித் திருகைத் தொட்டா அபசகுனமுன்னு நெனைச்சுக்குவாரோன்னு தயங்கிப்போட்டேன். வேத்துச் சாமி கும்பிடறவன் வந்து கெடுத்துப்போட்டான்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதல்லங்க? கும்பிட்டு முடிக்கட்டும், ஒரு நிமிசந்தானேன்னு நின்னேன். அதுக்குள்ள அவரு உங்க ஊரு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. பேச்சை எப்பிடி வெட்டறது?"

"நீங்க பார்த்தீங்களா?" அவள் புருசனிடம் திரும்பினாள்.

பாலுசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "பார்த்தேன். பார்க்காம என்ன? தோட்டத்துல தண்ணி வருமே, இங்க வரலையேன்னு நெனைச்சேன். மேஸ்திரி பக்கத்துலயே நிக்கறாரு. முப்பது வருசமா இதே தொழில் பண்றவருகிட்டப் போயி, தண்ணி வரலீங்களேன்னு சொன்னா அவருக்கு வேலை தெரியலைன்னு சொன்ன மாதிரி ஆகிருமே? அதான் பேசாம இருக்கக் கூடாதுன்னு மழையைப் பத்திப் பேசுனேன்."

நாச்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"ரண்டு பேரும் பார்த்தீங்க! ரண்டு பேரும் பார்த்துட்டு மழையைப் பேசிட்டிருந்தீங்க! அந்த எஞ்சினுக்கு வாயிருந்தா அதாச்சுங் கத்தியிருக்கும். அங்க செடி காயுது. நாலு காளையை வித்து இதை வாங்குனோம். நீங்க ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்து அதைக் கொன்னு போட்டீங்களே!"

கொட்டகையில் சத்தம் நின்றது. உலையடியில் இருந்த கொல்லன்கூடத் துருத்தியை விட்டுவிட்டான். உள்ளேயிருந்து மேஸ்திரியின் மனைவி கிருபாவதி வந்து கதவோரம் நின்றாள்.

மேஸ்திரி கைத்துணியை மில் எஞ்சின் மேல் போட்டுவிட்டுச் சொன்னார்.

"சரிங்கம்மா. என்ற கடைக்குள்ள நடந்துச்சு. பார்த்துட்டுச் சும்மா நின்னது தப்பு. மில்லு எஞ்சினை இப்பவே நிறுத்திப்போட்டு உங்குளுதை எடுக்கறேன். மூணு நாள்ல ஓட்டிக் குடுத்தர்றேன்."

மூன்று நாள். நாச்சியம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று நாளென்றால் இரண்டு காடும் பிழைத்துக்கொள்ளும்.

"ஒண்ணு மட்டும் எனக்கு மனசுல ஒட்டலைங்க," என்றார் மேஸ்திரி, எஞ்சின் பக்கத்தில் குந்தியபடி. "நல்ல சிலிண்டரா இருந்தா அஞ்சு நிமிசத்துக்கெல்லாம் புடிக்காது. இதுல முன்னாலயே உள்ள கோடு கோடாக் கெடந்துச்சு. மூணு மாசமாச்சும் ரிங்கு போயி, புகையோட ஓடியிருக்கோணும். தேச்சுத்தான் பூட்டுனேன். ஆனாத் தாங்கலை. கவுண்டருக்கு முன்னாலயே தெரியலீங்களா?"

"சத்தியமாத் தெரியலீங்க. தை நடுவுல சுத்தறதுக்குச் சிரமமா இருந்தப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கொண்டாந்திருக்க மாட்டனா?"

"அப்பச் சரிங்க. உங்க தப்பு இதுல ஒண்ணும் இல்லை."

பாலுசாமி பொய் சொல்லவில்லை. இருபது வருசமாகப் பொடி ஏற்றிய மூக்கு அது. வைக்கோல் போர் எரிந்தாலும் அதற்குத் தெரியாது. எஞ்சின் பக்கத்திலேயே நாள் முழுவதும் நிற்கிற காதுக்கு, சத்தம் கொஞ்சங் கொஞ்சமாக மாறியதும் தெரியவில்லை. தெரிந்தது நாச்சியம்மாளுக்கு. ஐப்பசியிலேயே அவர் வேட்டியைத் துவைக்கும்போது கருகின எண்ணெய் வாசம் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தால், சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின் இடையில் ஒரு தட்டை விழுங்குவது கேட்டது. ஒரு நாள் எட்டுத் தட்டுக்கு ஒரு தரம், கார்த்திகையில் ஐந்துக்கு ஒரு தரம். எண்ணிக்கூட வைத்திருந்தாள்.

பேசாமல் இருந்தால் மூன்று நாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. மேஸ்திரியே தன் தப்பு என்று ஒத்துக்கொண்டுவிட்டார். வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கொன்றும் புதிதில்லை. ஆனால் இப்போதுதானே இரண்டு ஆம்பளைகளையும் நிறுத்தி வைத்து, பார்த்துவிட்டுச் சொல்லவில்லை என்று கத்தினாள்? தன் குரல் இன்னும் அந்தத் தகரத்தில் அதிர்ந்துகொண்டிருப்பது போல இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"எனக்குத் தெரியுமுங்க," என்றாள்.

"என்ன அம்மிணி?" என்றார் மேஸ்திரி.

"பொகை வாடை ஐப்பசியிலயே எனக்கு வந்துச்சு. தட்டு மாறுனதும் கேட்டுச்சு. நாஞ் சொல்லலை."

பாலுசாமி அவளையே பார்த்தார். "ஐப்பசியிலயா? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நாச்சி?"

"காளையை வித்த வயித்தெரிச்சல்ல குத்தஞ் சொல்றான்னு நெனைச்சுக்குவீங்கன்னு இருந்துட்டேன்."

"உனக்கு வயித்தெரிச்சலா? நீதானே மஞ்சத் தடவி அனுப்புனே? வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வித்திருக்கவே மாட்டனே!"

"நீங்க கேட்டீங்களா?"

பாலுசாமி மடியைத் தடவினார். பொடி மட்டையை எடுத்தார், பிரிக்காமலே மறுபடி மடியில் வைத்தார். மேஸ்திரி எழுந்து வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்தபடி நின்றார். கற்பூரம் கொளுத்தும்போது நிற்பாரே, அதே இடம்.

திரும்பி வந்தபோது அவர் முகமும் தெளிவாக இல்லை.

"இப்ப நான் என்னங்க பண்றது? என்ற தப்பு மட்டுமுன்னா மில்லுக்காரங்க முன்னால தலை குனிஞ்சு நின்னு, தள்ளித்தான் தருவேன்னு சொல்லிப்போடலாம். மூணு பேரு தப்புக்கு அவியளை எப்பிடி நிறுத்தறது? வெள்ளிக்கிழமை தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்."

"உள்ளதைச் சொல்லிக் கேட்டுட்டு வாங்களேன்," என்றாள் கிருபாவதி கதவோரத்திலிருந்து. "முடியும்னாச் சொல்லட்டும், முடியாதுன்னாலும் சொல்லட்டும்."

மேஸ்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம். கிருபாவதி மறுபடி காப்பி கொண்டுவந்து, "அக்கா, ஆறிப்போகும்" என்று பக்கத்தில் வைத்தாள். நாச்சியம்மாள் இந்தத் தடவை எடுத்துக் குடித்தாள். காலையிலிருந்து வெறும் வயிறு.

மில்லில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு எஞ்சின் வேண்டும். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும் வழியிலேயே போய்க் கேட்டாராம் மேஸ்திரி. அவர்கள் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆக, மில் எஞ்சின் முடிந்ததும் இவர்களுடையது. திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குச் செவ்வாய்.

பஸ்ஸில் சிங்காநல்லூர் தாண்டும் வரை பாலுசாமி விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்.

"நீ பேசாம இருந்திருந்தா மூணு நாளு."

"ஆமாங்க."

"ஆறு நாளாக்கிப்போட்டே."

"ஆமாங்க."

அவர் வைது தீர்த்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், கீழே வைத்திருந்த அவளுடைய பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆறு நாளும் இரண்டு பேருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவர் விடிந்ததும் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். தண்ணீர் கீழே பச்சையாகத் தெரியும். கைக்கு எட்டாத தண்ணீர். அவள் மேற்காட்டு வரப்பில் நடப்பாள், நாலடி நடந்து திரும்பிவிடுவாள். வெள்ளிக்கிழமை பூ கொட்டியது. சனிக்கிழமை பிஞ்சு கொட்டியது. மடியில் பொறுக்கிக்கொண்டு வந்து, எதற்கென்று தெரியாமல் முறத்தில் போட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இலை சுருண்டு, தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. கிழக்காடு மட்டும் கொஞ்சம் தாழ்வான பூமி, பொழுது இறங்கினால் இன்னும் இலை விரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் பழையபடி எலுமிச்சம்பழம், பழையபடி கற்பூரம். மேஸ்திரி வாசலுக்குப் போனார், ஆனால் அங்கிருந்தே திரும்பி, "கவுண்டரே, திருகு!" என்று சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பாலுசாமி, "திறந்தாச்சு! நீங்களும் வந்து ஒருக்காப் பாத்துக்கங்க!" என்று கத்தினார். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். எஞ்சின் அரை மணி நேரம் ஓடியது. ஒரு தட்டைக்கூட விழுங்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு எஞ்சின் சாளையில் ஏறி உட்கார்ந்தது. முதல் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலில் ஓடி வந்தது. காய்ந்து வெடித்த வாய்க்கால் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத்தான் விட்டது. மண் இப்படிக் குடித்தால் கிணற்றில் இருப்பது இரண்டு காட்டுக்கும் போதாது. வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் பாலுசாமி மம்பட்டியோடு நின்றார். பழக்கத்தில் கை மேற்கு மடையை வெட்ட ஓங்கிவிட்டது. அப்படியே நிறுத்தினார்.

"நாச்சி."

அவள் வரப்பிலிருந்து இறங்கி வந்தாள்.

"கேக்கறேன், சொல்லு. மேக்காடா, கெழக்காடா?"

தண்ணீர் அவர் காலடியில் வந்து தேங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் என்ன பதிலுக்கு ஆசை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பதினாறு வருசமாகத் தெரியும்.

"மேக்காடு போயிருச்சுங்க," என்றாள். "இனித் தண்ணி காட்டுனாலும் வராது. கெழக்காட்டுக்குத் திருப்புங்க."

அவர் மேற்காட்டை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் மூன்று கொத்து மண்ணை வாரி மேற்கு மடையில் போட்டு, காலால் மிதித்து இறுக்கினார்.